எலுமிச்சைப்புல் போட்ட வீட்டு பீர் மருந்து வாடை அடிக்கிறது, திறந்தால் பொங்குகிறது. புல்தான் காரணமா?

கொத்தமல்லி_பாத்தி:

வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி, ஏழெட்டுத் தொட்டி. தக்காளி, கீரை, மிளகாய், கொத்தமல்லி, ஓரமாக ஒரு எலுமிச்சைப்புல் புதர். சமையலுக்கு முடிந்தவரை கொல்லையில் இருந்தே பறிப்பது, இல்லாததைப் பக்கத்தில் விளைந்ததாகப் பார்த்து வாங்குவது என்று இரண்டு வருடமாக ஒரு வைராக்கியம். தட்டில் இருப்பது எல்லாம் நம் கைப்பட வந்ததாக இருக்கும்போது தம்ளரில் இருப்பது மட்டும் ஏன் யாரோ காய்ச்சியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

10 லிட்டர் காய்ச்சினேன். இடித்த பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 2.4 கிலோ, துணிப்பையில் கட்டி 67 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம். பிறகு பையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன், கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ மொத்தம் 20 கிராம். அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அப்போதுதான் அறுத்து வந்த எலுமிச்சைப்புல் அடித்தண்டு நான்கை நசுக்கியும், நம் செடியிலேயே முற்றிக் காய்ந்த தனியா இரண்டு தேக்கரண்டியை இடித்தும் போட்டேன். அந்த ஐந்து நிமிடம் வீடு முழுக்க ஒரு வாசனை வந்தது பாருங்கள், மாடியில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து என்ன என்று கேட்டார்கள். ஆறவைத்து, வாளிக்கு மாற்றி, பொட்டல ஈஸ்ட்டைத் தூவி மூடினேன்.

ஐந்தாம் நாள், வாயு வெளியேற வாளி மூடியில் வைத்த ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. ஆறாம் நாள் பாட்டிலில் அடைத்தேன், ஒவ்வொரு அரை லிட்டர் பாட்டிலுக்கும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை. கண்ணாடி பாட்டில் 17 ஆயிற்று, கடைசியில் மிஞ்சியதை ஒரு சின்ன பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் பிடித்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து முதல் பாட்டிலைத் திறந்தால் மூடி கையை விட்டுப் பறந்தது. பாதிக்கு மேல் தரையில். தம்ளரில் சேர்ந்த மிச்சத்தை வாயில் வைத்தால் மருந்து வாடை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மூக்கருகில் வைத்தது போல. ஒரு பாட்டில்தான் இப்படியோ என்று இன்னும் இரண்டைத் திறந்தேன், அவையும் அப்படியே.

கேட்க வேண்டியது மூன்று. புல்தான் காரணமா? மீதி 14 கண்ணாடி பாட்டில்களை என்ன செய்வது? சாறு எடுத்த மால்ட் சக்கையை ஒரு கோணியில் போட்டுக் கொல்லை மூலையில் வைத்திருக்கிறேன், அது வேறு நாறுகிறது, அதைச் செடிகளுக்குப் போடலாமா?

பழைய_பீப்பாய்:

புல்லா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்து போய் அந்த பாட்டில்களை ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள், இதைப் படித்து முடித்துவிட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பத்தாம் நாளே மூடி பறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறியிருந்தால், இருபதாம் நாள் கண்ணாடி தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஒருமுறை அலமாரிக்குள் ஒன்று வெடித்தது. அதன் சில்லு பக்கத்தில் இருந்த இரண்டை உடைத்து, ஒரு துண்டு மரக்கதவில் விரல் நீளத்துக்குக் குத்தி நின்றது. நான் அப்போது அடுத்த அறையில் இருந்தேன்.

கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை, பாட்டில்கள் மேல் ஒரு கனத்த துண்டு. ஆட்டாமல் குலுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், வாயுவும் நீரில் கரைந்து அடங்கும். ஒரு முழு நாள் குளிர்ந்த பிறகு மூடியை லேசாக நெம்பி, உஸ் என்று சத்தம் வந்ததும் விட்டுவிடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அப்புறம் புது மூடி போட்டு அடைத்துவிடலாம்.

வைத்துவிட்டு வந்து இதற்குப் பதில் சொல்லுங்கள். ஹைட்ரோமீட்டர் (சாற்றில் கரைந்த சர்க்கரையை அடர்த்தியாகக் காட்டும் மிதவை, தண்ணீரில் 1.000) இருக்கிறதா, ஈஸ்ட் போடும் முன்பும் பாட்டிலில் அடைக்கும் முன்பும் என்ன காட்டியது? வாளி இருந்த இடத்தின் வெப்பம் என்ன? தேக்கரண்டி என்றால் தலைதட்டியா குவித்தா? பாட்டிலை எதில் கழுவினீர்கள்?

நாலே_பொருள்:

நான் சொன்னால் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். மால்ட், ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட். பவேரியாவில் 1516-ல் போட்ட சட்டம் என்ன போடலாம் என்று எழுதியே வைத்துவிட்டது, ஐந்நூறு வருடம் கழித்து நாம் புல்லை நசுக்கிக் கொண்டிருக்கிறோம். கணக்கில் தெரியாத எண் ஒன்று என்றால் கண்டுபிடிக்கலாம், ஐந்து என்றால்? முதல் தடவை காய்ச்சும்போது வெறும் பீர் காய்ச்சியிருந்தால் எது தப்பு என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

என் கணிப்பு காட்டு ஈஸ்ட். கிராம்பு, மருந்து, புகை என்று வாடையும், கூடவே பொங்குவதும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நாம் போடும் ஈஸ்ட் தொடாமல் விடும் சர்க்கரையைக்கூட அது விடாது, பாட்டிலுக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். இலை தழை எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் கொல்லையில் இருந்து நேராக அறுத்து வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வாளியையும் குழாயையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

மண்புழு:

நாலே_பொருள் அவர்களே, அந்த 1516 சட்டத்தில் ஈஸ்ட் இல்லை. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், அவ்வளவுதான். ஈஸ்ட் ஒரு உயிர், அதுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று ஆராய்ந்து பாஸ்டர் பீரைப் பற்றி எழுதியது 1876-ல். ஆகவே சட்டப்படி நடப்பதானால் உங்கள் பெயரை மூணே_பொருள் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் :)

ஹாப்ஸ் வழக்கத்துக்கு வரும் முன்பு ஐரோப்பாவில் கசப்புக்கும் மணத்துக்கும் விதவிதமான மூலிகைகளைத்தான் போட்டார்கள். பெல்ஜியத்தின் கோதுமை பீரில் இன்றைக்கும் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் உண்டு. அதோடு, கொதிக்கிற சாற்றில் ஐந்து நிமிடம் கிடந்த புல்லில் எந்தக் காட்டு ஈஸ்ட்டும் உயிரோடு இருக்காது. அடுப்பை அணைத்து ஆறிய பிறகு பச்சையாகப் போட்டிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு, இவர் அப்படிச் செய்யவில்லை.

பீரை பீப்பாய் பார்த்துக்கொள்வார், நான் சக்கைக்கு வருகிறேன். கோணியில் கட்டி வைத்ததுதான் தப்பு, சக்கை மேல் தப்பில்லை. 2.4 கிலோ மால்ட் ஈரத்தோடு வெளியே வரும்போது நாலு கிலோவுக்குக் குறையாது, அதில் புரதம் நிறைய, காற்று புகாமல் அமுங்கிக் கிடந்தால் ஒன்றரை நாளில் புளிக்க ஆரம்பித்து மூன்றாம் நாள் வாந்தி நாற்றம் வரும். கோணியைப் பிரித்து, காய்ந்த இலைச் சருகு சக்கையின் அளவுக்கு இரண்டு மூன்று மடங்கு எடுத்து, ஒரு விரல் தடிமனுக்குச் சக்கை, மேலே சருகு, மறுபடி சக்கை என்று கம்போஸ்ட் குவியலில் பரப்பிவிடுங்கள். சருகு இல்லையென்றால் கிழித்த அட்டைப்பெட்டி. இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் போய்விடும், குவியலுக்குள் கைவைத்துப் பாருங்கள், சூடு தெரியும். பச்சைச் சக்கையை நேராகச் செடித் தூரில் குவிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், ஈ மொய்க்கும், எலியும் வரும்.

வாளி அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலையும் குவியலிலேயே ஊற்றலாம். ஹாப்ஸ் சக்கையும் போடலாம், ஆனால் வீட்டில் நாய் இருந்தால் கூடவே கூடாது. ஹாப்ஸ் நாய்க்கு விஷம், உடம்பு கொதித்து உயிர் போகும் அளவுக்குக் காய்ச்சல் ஏறும். மால்ட் வாசனைக்கு நாய் வந்து தோண்டும், அதனால் மூடி போட்ட தொட்டியிலாவது போடுங்கள்.

பயந்தாங்கொள்ளி:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் காய்ச்சியதைக் குடித்தால் கண் போய்விடும் என்று சொல்கிறார்களே, இவர் மூன்று பாட்டில் ருசி பார்த்திருக்கிறார், ஒன்றும் ஆகாதா?

பழைய_பீப்பாய்:

பயப்பட வேண்டாம். கண்ணைப் பறிப்பது மெத்தனால். பார்லியைப் புளிக்கவைக்கும்போது பொருட்படுத்தும் அளவுக்கு அது வராது, கடையில் வாங்கும் பீரும் இதே வழியில்தான் ஆகிறது. சாவுச் செய்திகளில் வருவதெல்லாம் காய்ச்சி வடித்த சாராயத்தில் மெத்தனால் கலந்த கதை. வடிப்பது வேறு தொழில், வேறு ஆபத்து, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கெட்டுப்போன பீர் வாய்க்குப் பிடிக்காது, சிலருக்கு வயிறு கலங்கும், அவ்வளவுதான். இந்த பாட்டில்களில் ஆபத்து கண்ணாடிதான்.

இன்னொன்று, வீட்டில் பீர் காய்ச்ச எல்லா இடத்திலும் அனுமதி இல்லை. பிரிட்டனிலேயே 1963 வரை உரிமம் எடுக்க வேண்டியிருந்தது, அமெரிக்காவில் மத்திய சட்டம் இடம் கொடுத்தது 1978-ல்தான். அவரவர் இடத்துச் சட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொத்தமல்லி_பாத்தி:

எல்லாம் ஃப்ரிட்ஜில் ஏறிவிட்டது. இரண்டு தட்டுகளைக் கழற்றி, காய்கறி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் இடம் பண்ணினேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

கேட்டதற்குப் பதில். ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. ஈஸ்ட் போடும் முன் 1.048, அப்போது சாறு 25 டிகிரியில் இருந்தது. பாட்டிலில் அடைக்கும் அன்று ஒரே ஒரு தடவை பார்த்தேன், 1.014. வாளியில் ஒட்டிய வெப்பமானி 29, 30 காட்டியது. தேக்கரண்டி... குவித்துத்தான். தாராளமாக இருக்கட்டுமே என்று.

பாட்டில்களை வீடு துடைக்கும் ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, ஒருமுறை அலசிக் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் அப்படிச் செய்யவில்லை. அது கடைசி நேரத்தில் எடுத்தது, அன்று மதியம்தான் அதில் இருந்த சோடாவைக் குடித்து முடித்திருந்தோம், வெறும் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிவிட்டுப் பிடித்தேன். அதை இன்னும் திறக்கவில்லை. அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது.

பழைய_பீப்பாய்:

அந்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் வழக்குக்குச் சாட்சி அதுதான்.

பொங்குவதும் மருந்து வாடையும் ஒரே காரணத்தால் வந்தவை என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் தனித்தனியாகவும் இருக்கலாம். முதலில் பொங்குவது. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கணக்கிட்டு அடித்தது, தண்டுக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும் பாருங்கள். 30 டிகிரி சாற்றில் அது இரண்டரை புள்ளி (ஒரு புள்ளி என்றால் 0.001) போலக் குறைத்துக் காட்டும். அதாவது நீங்கள் 1.014 என்று படித்தது உண்மையில் 1.016-க்கும் மேலே. 1.049-ல் ஆரம்பித்து, 67 டிகிரியில் ஊறிய மால்ட் எனக்குத் தெரிந்தவரை 1.011 பக்கம் வந்துதான் நிற்கும். ஐந்து புள்ளி பாக்கி. ஒரு புள்ளி இறங்க லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்ன வேண்டும், ஆக லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரையை உள்ளே விட்டுவிட்டு மூடி போட்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் உங்கள் தாராளம். தலைதட்டிய தேக்கரண்டி 4 கிராம் என்றால் குவித்தது 6, அரை லிட்டருக்கு 6 என்றால் லிட்டருக்கு 12. நுரைக்கு லிட்டருக்கு 6 கிராம் போதும். உங்கள் பாட்டிலில் இருந்தது லிட்டருக்கு 22.

ஏர்லாக்கில் குமிழி நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. மூடி ஓரத்தில் காற்று கசிந்தாலும் நிற்கும், இரவில் அறை குளிர்ந்தாலும் நிற்கும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் பாட்டில்.

அடுத்தது வாடை. ப்ளீச்சில் இருப்பது குளோரின். மால்ட்டிலும் ஹாப்ஸிலும் பீனால் வகைச் சரக்குகள் இயல்பாகவே உண்டு, குளோரின் மிச்சம் இருந்தால் இரண்டும் கூடி குளோரோபீனால் ஆகிவிடும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், அதன் வாடைதான் நீங்கள் எழுதிய பிளாஸ்திரி.

ஆனால் காட்டு ஈஸ்ட் என்று நாலே_பொருள் சொன்னதையும் ஒதுக்கிவிட முடியாது, அதற்கும் இதே இரண்டு அடையாளம்தான். பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் குளிரவைத்து மெல்லத் திருகித் திறந்து முகர்ந்து பாருங்கள். ப்ளீச் படாத அதில் வாடை இல்லையென்றால் குற்றவாளி ப்ளீச்தான், புல் இல்லை. அதோடு ஒரு கண்ணாடி பாட்டிலில் இருந்தும் கொஞ்சம் எடுத்து, இரண்டு தம்ளர்களுக்கு இடையே இருபது முப்பது தடவை ஆற்றி வாயுவை விரட்டிவிட்டு, 20 டிகிரிக்கு வந்ததும் ஹைட்ரோமீட்டரைப் போடுங்கள். வாயு இருந்தால் குமிழி ஒட்டிக்கொண்டு மீட்டரைத் தூக்கிவிடும், அதனால் ஆற்றுவதில் சோம்பல் கூடாது. 1.010, 1.011 என்றால் நம் ஈஸ்ட் விட்டுப்போன வேலையை முடித்திருக்கிறது. 1.003, 1.002 என்று அடிமட்டத்துக்குப் போயிருந்தால் நாலே_பொருள் சொன்னதே சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நாலே_பொருள்:

நல்ல சோதனை. 1.004-க்குக் கீழே வரும் என்பது என் கணக்கு.

அடுப்படி:

பீர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, குடிக்க மட்டும் தெரியும். ஆனால் ஃப்ரிட்ஜில் இருந்து காய்கறியை எடுத்தீர்களே, தக்காளியைத் திரும்ப உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். பறித்த தக்காளி 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசனையைத் தொலைத்துவிடும், நிறம் மட்டும் அப்படியே இருந்து நம்மை ஏமாற்றும். கொல்லையில் வளர்த்து, பழுக்கும்வரை காத்திருந்து பறித்து, கடையில் வாங்கிய தக்காளியின் ருசிக்கு அதைக் கொண்டுவருவதற்கு ஃப்ரிட்ஜ் போதும். இனிப்புச் சோளமும் பச்சைப் பட்டாணியும் நேர்மாறு. பறித்த நிமிடத்தில் இருந்து அவற்றின் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும், நாளாக ஆக இனிப்பு போய்விடும், உடனே சமைக்க முடியாவிட்டால் குளிரில்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் விளைந்ததை வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம் இதுதான், அதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

அடுத்த முறை சக்கை முழுவதையும் கம்போஸ்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே, சூடு ஆறியதும், ஒரு கிண்ணம் ஈரச் சக்கையை மூன்று கிண்ணம் மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டுப் பாருங்கள். உமி பல்லில் மாட்டும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காக அடுப்பில் நன்றாக உலர்த்தி, பொடித்துச் சலித்துச் சேர்க்கலாம். எனக்கு அந்தக் கரகரப்பே பிடிக்கும்.

மிளகாய் காரத்துக்குக் கசப்பான பீர் சரியாக வராது. கசப்பும் வாயுவும் சேர்ந்து நாக்கில் காரத்தை இன்னும் கிளப்பிவிடும், பீர் குடித்தால் காரம் அடங்கும் என்று நம்பிக்கொண்டே மேலும் மேலும் குடிப்பார்கள். காரமாகச் சமைக்கிற அன்று ஹாப்ஸ் குறைவாக, மால்ட் இனிப்பு தூக்கலாக இருப்பது நல்லது. எண்ணெயில் பொரித்ததற்குத்தான் கசப்பும் நுரையும் தோது, வாயைக் கழுவி அடுத்த வாய்க்குத் தயாராக்கிவிடும்.

கொத்தமல்லி_பாத்தி:

முடிவு வந்துவிட்டது.

முதலில் பிளாஸ்டிக் பாட்டில். இரவு முழுக்கக் குளிரவைத்து, தொட்டித் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு நூல் திருகி நிறுத்தி, மறுபடி ஒரு நூல் என்று திறக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. தம்ளரில் ஊற்றி முகர்ந்தேன். மருந்து வாடை துளிகூட இல்லை! எலுமிச்சைப்புல் முன்னால் வருகிறது, பின்னால் தனியா, ஓரத்தில் கொஞ்சம் வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி ஒன்று. வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தது. பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கியிருக்கிறது.

கண்ணாடி பாட்டிலில் அதே வாடைதான். நாற்பது தடவை ஆற்றி, 21 டிகிரியில் பார்த்தேன், 1.010. இரண்டாவது பாட்டிலிலும் 1.010.

நாலே_பொருள்:

சரி. காட்டு ஈஸ்ட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை வெறும் பீர் காய்ச்சுங்கள் என்று சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

பழைய_பீப்பாய்:

நாலே_பொருள் அதில் சொல்வது நியாயம்தான்.

வாழைப்பழமும் நகப்பூச்சும் 30 டிகிரியின் வேலை. ஈஸ்ட் சூட்டில் அவசரப்பட்டு வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், மறுநாள் தலைவலியும் வரலாம். உங்கள் பொட்டல ஈஸ்ட் ஏல் வகையாக இருக்கும், அதற்கு 18 முதல் 22 வரை நல்லது. புளிக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும் என்பதால், அறை 26-ல் இருந்தால் வாளிக்குள் 29 ஆகிவிடும். வாளியை ஒரு அகலத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் ஒரு பாட்டில் ஐஸை அந்தத் தண்ணீரில் போட்டு வாருங்கள். முதல் மூன்று நாள் முக்கியம், அப்புறம் கொஞ்சம் ஏறினாலும் குற்றம் இல்லை. இந்த வேலையெல்லாம் ஆகாது என்றால் நார்வே பண்ணை வீடுகளின் க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள், அது 30-க்கு மேலேதான் சந்தோஷமாக இருக்கும்.

ப்ளீச்சை விட்டுவிடுங்கள். பீர் பாத்திரங்களுக்கென்று அமிலச் சானிடைசர் கிடைக்கிறது, சொன்ன அளவில் கரைத்து நனைத்துக் கவிழ்த்தால் போதும், அலசவே வேண்டாம். வேறு வழியில்லாமல் ப்ளீச்தான் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் நாலைந்து முறை அலசுங்கள். அதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும். சர்க்கரையைத் தேக்கரண்டியில் அளக்காமல் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, மொத்த பீரிலும் கலந்துவிட்டு அடையுங்கள், 10 லிட்டருக்கு 60 கிராம். அந்த பிளாஸ்டிக் பாட்டில் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். நான் எப்போதும் ஒன்று பிடித்து வைப்பேன், அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று திறக்காமலே தெரியும்.

மீதி பாட்டில்கள் பற்றி ஆசை வைக்க வேண்டாம், குளோரோபீனால் வாடை காத்திருந்தால் போகாது.

மண்புழு:

கொட்ட வேண்டாம், நான் சொல்கிறேன். கீரைப் பாத்தியில் ஓடில்லாத நத்தை தொல்லை இருக்கிறதா? ஈஸ்ட் வாசனைக்கு அவை எங்கிருந்தாவது ஊர்ந்து வரும். ஒரு சின்னக் கிண்ணத்தைப் பாத்திக்கு நடுவே புதைத்து, விளிம்பு மண்ணுக்கு ஒரு விரல் மேலே இருக்கும்படி விட்டு, பாதிவரை பீர் ஊற்றி வையுங்கள். விளிம்பு மண்ணோடு மண்ணாக இருந்தால் நல்லது செய்யும் வண்டுகளும் விழுந்துவிடும். நாய் இருந்தால் இதற்கும் வேலி தேவை. பீரைச் செடிக்கு உரமாக ஊற்றுகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அது வெறும் கதை.

எலுமிச்சைப்புல் இனிமேல் காலையில், வெயில் ஏறும் முன் அறுத்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும். அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் எடுங்கள், மேலே உள்ள பச்சை இலை அதிகமானால் சோப்பு மாதிரி ஆகிவிடும்.

கொத்தமல்லி_பாத்தி:

நாய் இல்லை, பூனைதான், அது பீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மண்புழு, ஹாப்ஸையும் கொல்லையிலேயே வளர்த்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை ஓடுகிறது. சிரிக்காதீர்கள்.

மண்புழு:

சிரிக்கவில்லை, நானே வைத்திருக்கிறேன். ஐந்தாறு மீட்டர் ஏறும் கொடி, கயிறு கட்டிவிட வேண்டும். பெண் செடியில்தான் நமக்கு வேண்டிய கூம்பு வரும், அதனால் விதை வேண்டாம், தெரிந்த இடத்தில் கிழங்குத் துண்டாக வாங்குங்கள். கோடையில் நீண்ட பகலும் வருடத்தில் ஒரு குளிர் ஓய்வும் கிடைத்தால்தான் நன்றாகக் காய்க்கும், இரண்டும் இல்லாத இடத்தில் கொடி வளரும், கூம்பு சொற்பம். முதல் வருடம் ஒரு கைப்பிடி, முழு விளைச்சல் மூன்றாம் வருடம். பச்சையாகப் போடுவதானால் உலர்ந்ததைப் போல ஐந்து மடங்கு எடை தேவை. எவ்வளவு கசப்பு இருக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது, அதனால் கசப்புக்குக் கடை ஹாப்ஸ், கடைசி நிமிட வாசனைக்கு நம் ஹாப்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

கொத்தமல்லி_பாத்தி:

மூன்று வருடமா. சரி, கயிறு கட்ட இடம் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிறு இரண்டாவது தடவை காய்ச்சினேன். நாலே_பொருளுக்காகப் பாதியை வெறும் பீராக விட்டுவிட்டு, மீதி ஐந்து லிட்டரை மட்டும் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் புல் போட்டிருக்கிறேன். இரண்டு வாளியும் ஒரே தொட்டியில் ஈரத்துணியோடு நிற்கின்றன, இன்றைக்கு 21 டிகிரி. சக்கையில் ரொட்டி சுட்டேன், உமி பல்லில் மாட்டியது, யாரும் குறை சொல்லவில்லை, தீர்ந்துவிட்டது.

பழைய பாட்டிலில் ஒன்றை நேற்று இரவு கீரைப் பாத்தியில் மூன்று கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். காலையில் எண்ணினால் பதினொரு நத்தை. மருந்து வாடை பற்றி அவற்றுக்குப் புகார் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.